பிணைக்கு வந்தவர்கள்

மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் சரீப் "லோயருக்கு" என்பார். வக்கீல் படிப்பு என்பது பச்சைப் பொய். கெம்பஸில் றினோஸா படிப்பது குற்றவியல் நீதி. குற்றம் ஏன் நடக்கிறது, பிடிபட்டவனை என்ன செய்வது, சிறையிலிருந்து வந்தவன் எப்படிப் பிழைப்பது என்பதெல்லாம் அதில் வரும். பாலமுனை அரிசி ஆலையில் முதுகில் நெல்மூட்டையோடு நிற்கிற மனுசன் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? ஒருதரம் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். "குற்றம் செய்யிறத்துக்கும் டிகிரி வந்திட்டா காக்கா? எங்கட முதலாளி படிக்காமலே பாஸாகிட்டாரே!" என்று கூட மூட்டை தூக்கும், தம்பி போலப் பழகும் ஆதம்பாவா சிரித்தான். அன்றோடு மகளை லோயராக்கிவிட்டார்.

இப்போது வேறு சிக்கல். கடைசி வருசத்தில் சிறைச்சாலையில் பயிற்சி எடுக்க வேண்டும், மட்டக்களப்பில் இடம் கிடைத்திருக்கிறது என்று விடுமுறைக்கு வந்த றினோஸா சொன்னாள். சரீப் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சிறைக்கு ஊரில் மறியல் என்றுதான் பேர். 'மறியலுக்குப் போய் வந்த பொண்ணு' என்று ஊர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பார்க்க வருகிற மாப்பிள்ளை பாதி வழியிலேயே திரும்பிவிடுவான். வாப்பா சம்மதிக்காமல் அவள் போகமாட்டாள். போகாவிட்டால் பட்டம் கையில் வராது. வீட்டில் இரண்டு பேரும் அதைப்பற்றிக் கதைக்காமலே நாளைத் தள்ளினார்கள்.

அப்படியொரு நாள்தான், லொறியில் மூட்டை ஏற்றும் வேலைக்கு நடுவில் சரீப் மகளுக்குப் போன் எடுத்தார். கல்முனைக்குப் போகிறேன் என்று காலையில் கிளம்பியிருந்தாள். வரும்போது உம்மாவுக்கு மருந்து வாங்கிவரச் சொல்ல வேண்டும்.

"வாப்பா, நான் கோட்டுல இரிக்கன்," என்றாள் குசுகுசுவென்று. "கேஸ் போகுது. கதைக்க ஏலா, போனைப் பறிச்சிருவாங்க."

அவ்வளவுதான். திரும்ப எடுத்தால் போன் வேலை செய்யவில்லை.

சரீப் அப்படியே ஒரு மூட்டையில் உட்கார்ந்தார். "மகள் கோட்டுலயாம்டா. கேஸாம்."

என்ன கேஸ் என்று ஆதம்பாவா கேட்கவில்லை. "ஐடென்டிகாட் இரிக்கா?" என்றுதான் கேட்டான். மச்சானுக்கு ஒருமுறை பிணை நின்றவன், அவனுக்கு அந்த வழி தெரியும். "ரெண்டு பேர் வேணும் காக்கா. நீங்க ஒப்பம் வெக்க வேணாம், வாப்பாமாருக்குக் கை நடுங்கும். நானும் றமீஸும் வெக்கிறம்."

ஆலை வாசலில் ஓட்டோ வைத்திருக்கும் றமீஸும் ஒன்றும் கேட்கவில்லை, ஓட்டோவைத் திருப்பினான். தலையெல்லாம் தவிடு, சாரனெல்லாம் உமி, மூன்று பேரும் கல்முனைக்குப் பறந்தார்கள். நிந்தவூர் தாண்டும்போது றமீஸுக்கு வாய் சும்மா கிடக்கவில்லை. "என்ன கேஸா இரிந்தாலும் நல்ல புள்ள காக்கா அது."

"வாயப் பொத்திட்டு ஓடுடா," என்றான் ஆதம்பாவா.

நீதிமன்ற வாசலில் பொலிஸ்காரர் மறித்தார். பிணைக்கு வந்தோம் என்றார்கள். யாருக்கு என்று அவர் கேட்டபோது சரீபின் வாயில் மகளின் பெயர் வரவில்லை. உள்ளே பிணைக்கு ஆளில்லாமல் ஒரு வழக்கு நின்றது. பதிலுக்குக் காத்திராமல் பொலிஸ்காரரே கையைக் காட்டி உள்ளே விட்டார்.

கூண்டில் றினோஸா இல்லை. இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பொடியன் நின்றான். வயலில் தண்ணீர் மோட்டர் களவெடுத்த வழக்கு. நீதவான் பிணை கொடுத்தும் அவனுக்காக ஒப்பம் வைக்க ஒருவரும் வரவில்லை. கடைசி வாங்கில் உட்கார்ந்து இதையெல்லாம் குறித்துக்கொண்டிருந்த றினோஸா தலையை நிமிர்த்தினாள். கையில் அடையாள அட்டையோடு வாசலில் மூன்று தவிட்டு மனிதர்கள். பதறி எழுந்து வெளியே வந்தாள்.

"வாப்பா! என்ன இங்க? ஆருக்கு வந்த?"

"ஒனக்குத்தான். நீதானே கேஸ் எண்டு செல்லின."

"கேஸ் பாக்க வந்த வாப்பா! பாத்து எழுதிக் குடுக்கணும், படிப்புக்கு." சிரிப்பு வந்தது அவளுக்கு. ஆனால் வாப்பாவின் முகத்தைக் கண்டதும் அது பாதியில் நின்றது. "நான் என்ன செஞ்சிட்டன் எண்டு நினைச்சீங்க?"

"ஒன்ன வெளியில எடுத்துட்டு அதக் கேப்பம் எண்டு வந்தன்."

"ஆருக்கோ நல்லா அடிச்சிரிப்பாய் எண்டு நான் நினைச்சன்," என்றான் ஆதம்பாவா. "சந்தோசமாத்தான் வந்த." பிறகு கையிலிருந்த அட்டையைப் பார்த்தான். "சும்மாதானே திரும்பப் போறம். அந்தப் பொடியனுக்கு வெச்சா என்ன?"

"தெரியாத ஆளுக்கு வெக்க ஏலா சாச்சா. நாளைக்கு அவன் வராட்டி ஒங்களத்தான் இழுப்பாங்க."

பொடியனைக் கைவிலங்கோடு சிறை பஸ்ஸுக்குக் கொண்டுபோனார்கள். ஏறும்வரைக்கும் திரும்பித் திரும்பி வாசலையே பார்த்தான். சரீபும் அவன் பார்த்த பக்கம் பார்த்தார். அங்கே றமீஸின் ஓட்டோ மட்டும் நின்றது.

"மறியல்ல அவனோட ஆரு கதைப்பாங்க?" என்று கேட்டார்.

"எங்களப் போல பயிற்சிக்குப் போறவங்கதான். ஊடு எங்க, ஏன் ஒருத்தரும் வரல்ல எண்டு தேடிப் பாப்பம். சிலபேர்ட ஆக்கள் வருவாங்க. சிலபேருக்கு வரவே மாட்டாங்க."

நாலு பேரும் எதிரேயிருந்த கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். கடைக்காரர் றினோஸாவின் கையிலிருந்த பைலைப் பார்த்தார்.

"மகளா? லோயரோ?"

ஓம் என்று சொல்ல ஆதம்பாவா வாயெடுத்தான். பழக்கதோசம்.

"இல்ல," என்றார் சரீப். "குற்றவியல் நீதி படிக்கா. மட்டக்களப்பு மறியலுக்குப் போறா, பயிற்சிக்கு."

லொறிச் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகிய குரல். அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். றினோஸா கோப்பையை வாயருகே பிடித்தபடி வாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெல்ல காக்கா," என்று ஆதம்பாவா குனிந்தான். "அவனுகளுக்கு 'மறியலுக்குப் போறா' மட்டுந்தான் கேட்டிரிக்கும்."

"கேக்கட்டும்," என்று சரீப் ரோல்ஸ் தட்டை மகள் பக்கம் தள்ளினார். "தின்னு மகள். அங்க சாப்பாடு எப்பிடியோ தெரியா."