ஆடுகள் படுக்கிற வரிசை

மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் காலனி ஆடுகள் வந்து படுக்கிற இடத்தில் நிழல் கிடையாது. மரமில்லை, கூரையில்லை, ஒரு மின்கம்பம்கூட இல்லை. இருபதடி தள்ளி ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதன் அடியில் நாய்கள்தான் படுத்திருக்கும். ஆடுகள் மட்டும் கொளுத்துகிற வெயிலில், தார் ரோட்டின் குறுக்கே, வடக்கு தெற்காக ஒரே வரிசையில் கால்களை மடக்கிப் படுத்துக்கொண்டு சாவகாசமாக அசைபோடும். முதல்முறை அதைப் பார்த்த என் மனைவி இனியா, "ஏனுங்க, இந்த ஆடுகளுக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் கூடச் சிரித்து வைத்தேன். அங்கே ஏழடி உயரத்தில் ஒரு கருங்கல் சுவர் இருந்தது, மூன்று மணிக்கு அதன் நிழல் சரியாக அந்த இடத்தில்தான் விழும், அதை இடித்துப் பதிமூன்று வருடம் ஆகிறது என்பதையெல்லாம் உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது படுத்திருக்கிற ஆடுகளில் ஒன்றுகூட அந்தச் சுவரைப் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்திலிருந்து பதினோரு கிலோமீட்டர். மேற்கே ஊர், கிழக்கே நாங்கள். ஊர் வழியாக நேராகப் போனால் நானூறு மீட்டரில் மெயின் ரோடு, பஸ் ஸ்டாப், மருந்துக்கடை. நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது தம்பிதுரை பண்ணாடி முன்னின்று அந்தச் சுவரைக் கட்டினார். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அவர்கள் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். தோட்டத்துக்குச் சொந்தக்காரரைப் பண்ணாடி என்றுதான் கூப்பிட வேண்டும். கோயில் நிலத்துக்குப் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். கோயிலுக்கு மற்ற மூன்று பக்கமும் வேலிகூடக் கிடையாது. அன்றிலிருந்து வாய்க்கால் மேட்டில் மூன்று கிலோமீட்டர் சுற்றித்தான் பள்ளிக்கூடம் போனேன். மனு மேல் மனு போட்டு, கடைசியில் அதிகாரிகள் போலீஸோடு வந்து ஜேசிபி வைத்து இடித்தார்கள். அன்று காலனியில் பாயசம் காய்ச்சினோம். மறுநாள் விடிந்ததும் எல்லோரும் பழையபடி வாய்க்கால் மேட்டில் ஏறியே வேலைக்குப் போனார்கள்.

சுவர் நின்றது பத்து வருடம்தான். இல்லாமல் போய்ப் பதிமூன்று வருடம். கணக்குப்படி மறந்திருக்க வேண்டும். நான் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கிறவன். எங்கே பிழை என்று துருவுவது என் பிழைப்பு. ஊருக்கு வரும்போதெல்லாம் இதையும் துருவியிருக்கிறேன். பயம் என்று வைத்துக்கொண்டால், ஊர்ப்பக்கத்து ஆட்களும் அந்த இடம் வந்ததும் ஏன் திரும்பிப் போகிறார்கள்? பழக்கம் என்று வைத்துக்கொண்டால், வடக்கேயிருந்து தேங்காய்நார் மில்லுக்கு வந்த பையன்களுக்கு என்ன பழக்கம்? வந்த புதிதில் அவர்கள் பாட்டுக்கு நேர் ரோட்டில் நடந்துபோய்ப் புரோட்டா வாங்கி வந்தார்கள். ஒரே மாதத்தில் அவர்களும் வாய்க்கால் மேட்டுக்கு மாறிவிட்டார்கள். ஏன் என்று ஒருவனைக் கேட்டேன். சிரித்துவிட்டு, எதிலோ இடித்துக்கொண்டவன்போல நெற்றியைத் தேய்த்துக் காட்டினான். ஒருநாள் ஆளில்லாத நேரம் பார்த்து அந்த இடத்துக்கு எதிரே நின்று கை தட்டினேன். நான் தட்டிய சத்தம் அதே மாதிரி என்னிடமே திரும்பி வந்தது. மறுபடி சோதிக்கவில்லை.

இனியாவுக்கு அம்மா இல்லை. அதனால் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கே வந்தாள். நானும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டேன். கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவள். அவளும் எங்கள் ஆட்கள்தான், ஆனால் அவளை யாரும் எந்த ரோட்டிலும் நிறுத்தியதில்லை. ஆறு மணிக்கு எழுந்து நேர் ரோட்டில் மெயின் ரோடு வரை நடந்து திரும்பி வருவாள். காலனிப் பெண்கள் வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டு அவள் போவதையே பார்ப்பார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை. என் பிள்ளைக்கு இந்தச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லக் கூடாது, அது அம்மாவைப் போலக் கையை வீசிக்கொண்டு நேராக நடக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். முன்பிருந்தே மனதில் இருந்த அந்த ஆசைக்காகத்தான் ஊரில் பிரசவம் வைத்துக்கொள்ளவே சம்மதித்தேன்.

ஐந்தாவது வாரம் ஒரு காலையில் மாடியிலிருந்து பல் துலக்கிக்கொண்டே பார்த்தேன். இனியா நடந்து போய்க்கொண்டிருந்தாள். சரியாக அந்த இடத்துக்கு இரண்டடி முன்னால் நின்றாள். துப்பட்டாவைச் சரி செய்தாள். பிறகு திரும்பி வந்துவிட்டாள்.

"ஏன் பாதியிலேயே வந்துட்டே?" என்றேன்.

"காலு கடுத்துச்சுங்க, அதான்."

மறுநாள் அவள் வாய்க்கால் மேட்டுப் பக்கம் நடந்தாள். காற்று நன்றாக இருக்கிறதாம்.

வலி இரண்டு வாரம் முன்னதாகவே வந்துவிட்டது. புதன்கிழமை, பதினோரு மணி வெயில். பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தால், வாய்க்கால் பாலம் காலையில்தான் உள்வாங்கிவிட்டது, அந்தப் பக்கம் வண்டி வர வழியில்லை, நேர் ரோட்டில் வருகிறோம் என்றார்கள். இருபது நிமிடம் பார்த்தோம். வரவில்லை. திரும்பக் கூப்பிட்டபோது ஓட்டுநர், "ஊருக்குள்ளதானுங்க நிக்கறேன், இங்க ரோடு முடிஞ்சுபோச்சுங்களே, எப்படி வாரது?" என்று கேட்டார். என் காரையே எடுத்தேன். பின்சீட்டில் இனியா, அவளைத் தாங்கிக்கொண்டு என் அம்மா பழனியாத்தாள், முன்னால் அப்பா.

நேர் ரோட்டில் வண்டியை விரட்டினேன். எதிரே ஊர்த் தெரு பளிச்சென்று தெரிந்தது. கோயில், தம்பிதுரை பண்ணாடி மகன் தனபாலின் உரக்கடை, கடைக்கு முன்னால் உர மூட்டை, அதற்கப்பால் ஆம்புலன்சின் சிவப்பு விளக்கு. நடுவில் ஒரு குச்சிகூட இல்லை. இருந்தும் என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. நான் மிதிக்கவில்லை, கால் மிதித்தது. ஹாரன் அடித்தேன். எங்கள் ஹாரன் எதிரிலிருந்து எங்களைப் பார்த்தே அடித்தது.

"ஓட்டுங்க! என்னத்துக்கு நிக்கறீங்க?" என்று இனியா கத்தினாள்.

ஆக்சிலேட்டரில் கால் வைக்கிறேன், முட்டிக்குக் கீழே என் கால் என்னுடையதாக இல்லை. அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது. பதினைந்து பேருக்கு மேலாளர், இரண்டு தரம் அமெரிக்கா போய் வந்தவன், ஒன்றுமே இல்லாத இடத்தைத் தாண்ட முடியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இனியா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு வைத்தாள். ஐந்தாவது எட்டில் அவள் வலது கை தானாக முன்னால் நீண்டது. உள்ளங்கை விரிந்து, விரல்கள் பின்னால் வளைந்து, எதன்மேலோ சாய்ந்து நின்றாள். திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என் பிள்ளை அவள் வயிற்றுக்குள்ளிருந்து அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது.

அந்தப் பக்கம் தனபால் கடையிலிருந்து ஓடி வந்தான். என்னோடு பத்தாவது வரை படித்தவன். அவனும் இரண்டடி தள்ளி நின்றுவிட்டான்.

"கௌதமுங்களா? வலி வந்துருச்சுங்களா?" என்று என்னைக் கேட்டான். கார் வாங்கிய பிறகு எனக்கு அந்த 'ங்க' கிடைத்திருந்தது. பிறகு அப்பாவைப் பார்த்து, "வேலுமணி, வாய்க்கா வழியா போயிருக்கலாமில்ல?" என்றான். அப்பாவுக்கு அறுபத்து இரண்டு வயது.

அப்பா வண்டியிலிருந்து இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார். துண்டைத் தலைக்கு உருமால் கட்டிக்கொண்டார். இனியாவிடம் போய், "அம்மணி, நீ வண்டில போயி உக்காரு. மாமன் பாத்துக்கறன்" என்றார். அவள் வந்து உட்கார்ந்தாள். அப்பா அந்த இடத்தில் வலது பக்கம் கொஞ்சம் நகர்ந்து, காற்றில் கையை வைத்துத் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இந்தச் செவுத்தக் கட்டுனவன் நாந்தான் கண்ணு" என்றார், என்னைப் பார்க்காமல். "பத்து நாளு. நானும் என் தம்பி, உங்க சின்னையனும். கூலிக்குத்தான. இங்க ஒரு கல்லுக்குச் சிமெண்டு பத்தாம மண்ணப் பூசி விட்டேன்."

எனக்கு அது தெரியாது. இத்தனை வருடத்தில் அவர் சொன்னதில்லை. மனுவில் முதல் கையெழுத்து அவருடையது, அது தெரியும்.

இரண்டு கையையும் தலைக்கு மேல் கொண்டுபோனார். விரல்களை இடுக்கில் விட்டு ஆட்டினார். தோள் நரம்பு புடைத்தது. எதையோ உருவினார். அதை நெஞ்சோடு அணைத்து, முட்டியை மடக்கி, ரோட்டோரம் கொண்டுபோய் வைத்தார். கையில் ஒன்றுமில்லை. ஆனால் வைத்துவிட்டு நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்து அடுத்ததை எடுத்தார். அப்புறம் அடுத்தது. மேல் வரிசை முடிந்ததும் மார்பு உயரத்தில் எடுத்தார், பிறகு குனிந்து எடுத்தார். வேர்வை தாரில் சொட்டிச் சொட்டிக் காய்ந்தது. காலனி சனம் பின்னால் கூடிவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா மட்டும் பின்சீட்டிலிருந்து, "வெரசா, வெரசா" என்று முனகிக்கொண்டிருந்தாள். தனபால் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு தரம் அப்பாவின் கை நழுவியது. எதுவும் விழவில்லை, எதுவும் சத்தம் கேட்கவில்லை. தனபால் சட்டென்று தன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"இப்ப வா கண்ணு. நேரா ஓட்டு. ரெண்டு பக்கமும் ஒரு சாண்தான் இருக்குது, பாத்து" என்றார் அப்பா.

கால் எனக்குத் திரும்பக் கிடைத்தது. மெதுவாக ஓட்டினேன். பக்கக் கண்ணாடி இரண்டையும் மடக்கிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் நின்ற ஆம்புலன்சில் இனியாவை ஏற்றினோம். கோபியில் ஆஸ்பத்திரி சேர்ந்து நாற்பது நிமிடத்தில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. அழுத சத்தம் கதவுக்கு வெளியே கேட்டபோது நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர், "ஸ்ஸ்" என்று கையை இழுத்தார். உள்ளங்கையில் தோல் உரிந்து, சிமெண்ட் கடித்ததுபோலப் பத்து விரல் நுனியும் வெளுத்து வெடித்திருந்தது. மருந்து போட வந்த நர்ஸ், "மேஸ்திரி வேலைங்களா ஐயா? கையுறை போட்டுக்க வேண்டாமுங்களா?" என்று கடிந்துகொண்டாள். "இன்னைக்கு மட்டுந்தானுங்க" என்றார் அப்பா.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பினேன். ஆறாம் வகுப்புக்குப் பிறகு முதல்முறையாக அந்தப் பக்கமாக வீட்டுக்கு வருகிறேன். மனம் லேசாக இருந்தது. இனியா மடியில் குழந்தை தூங்கிக்கொண்டு வந்தது. பின் கண்ணாடி வழியாக வந்த வெயில் அதன் நெற்றியில் விழுந்ததும் அது முகத்தைச் சுளித்து ஒரு கொட்டாவி விட்டது. இனியா முந்தானையால் மறைக்கப் போனாள். "இருக்கட்டும் விடு" என்றேன்.

தனபால் கடை சாத்தியிருந்தது. தெருவில் ஆளில்லை. மணி மூன்று.

ஆடுகள் வரிசையாகப் படுத்திருந்தன. நடுவில் ஒரு கார் போகிற அளவுக்கு வரிசை விட்டுப்போய், அந்த இடத்தில் வெறும் தார் மினுங்கியது. இரண்டு பக்கமும் படுத்திருந்தவை அந்த வெயிலுக்குள் ஒரு குளம்பைக்கூட நீட்டவில்லை. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று இனியா என் தோளைக் குலுக்கினாள். நான் இன்னும் கொஞ்சம் கிட்டே போனேன். அப்போதுதான் தெரிந்தது. அப்பா திறந்துவிட்ட இடைவெளிக்குள்ளேயே, வடக்கு ஓரத்தில் ஒரு வெள்ளாடு படுத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இடம் பார்த்து, முன்னங்கால்களை மடக்கிக்கொண்டிருந்தது.

வண்டி நின்றுவிட்டது.

"நாம இல்லாதப்ப யாரோ திருப்பி அடுக்கிப்போட்டாங்க" என்றார் அப்பா. அவர் குரலில் ஆச்சரியம் இல்லை. கட்டுப்போட்ட கையோடு கதவைத் திறந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டினார். அந்த இடத்துக்குப் போய் மேலே கையை விட்டு, ஆட்டி, உருவினார். இந்தத் தடவை அதை ரோட்டோரம் கொண்டுபோகவில்லை. நெஞ்சோடு அணைத்தபடி என்னைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"ஒரு கை புடி கண்ணு. வலிக்குது."

நான் இறங்கிப் போனேன். காருக்குள் குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. அவர் எதிரே நின்று இரண்டு கையையும் நீட்டினேன். அப்பா மெதுவாகத் தன் கைகளை என் கைகளுக்கு மேல் கொண்டுவந்து விட்டார்.

என் தோள் இரண்டும் கீழே இறங்கின.