வீக்கம் வடிந்த முழங்கால்

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வரிசை நகரவே இல்லை. நெசவாளி சண்முகவேல் தன் மனைவி சாரதாமணியின் கால்களை மடியில் வைத்து, முழங்கால்களை வருடிக்கொண்டிருந்தான். தொண்டைப்புண் ஆறிய பிறகு அவளுக்கு வீங்கியவை அவை. வீக்கம் வடிந்ததும், நேர்ந்துகொண்டபடி போன வாரம் இருவரும் திருச்செங்கோட்டு மலை ஏறியிருந்தார்கள். பாதி வழியில் அவள் மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டாள். நன்றி சொல்லப் போன இடத்தில் சாமி ஏன் இப்படிச் செய்தார் என்று அவனுக்கு விளங்கவில்லை.

முறை வந்தபோது டாக்டர் முழங்காலைத் தொடவே இல்லை. அவள் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"ஏனுங்க, நோவு காலுலீங்க வந்துச்சு" என்றான் சண்முகவேல்.

"தொண்டையில கிருமி இருந்துச்சில்ல? அதைக் கொல்ல உடம்பு கிளம்புச்சு. கிளம்பினது அடங்காம மூட்டையும் இருதயத்தையும் சேத்து அடிச்சிருச்சு."

"அந்தக் கிருமி செத்துப் போச்சுங்களா?"

"போயிருக்கும்."

"அப்ப இன்னும் அடிக்கறது யாருங்க? சாமிங்களா?"

"அவங்க உடம்பேதான். ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாதப்பா." அவர் குரல் தணிந்தது. "சாமி கோவிச்சுக்கலை. ஆனா மாசக்கணக்கில படுத்திருக்கணும். தறி மிதிக்கவே கூடாது."

மறுநாள் பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் கஞ்சியோடு வந்தாள். "நீ படு கண்ணு. என் தறி வேலை முடிஞ்சதும் உன்னுதையும் நான் நெய்யறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்தத் தெருத் தறிகளுக்குச் சொந்தக்காரரான முதலாளி தண்டாயுதபாணி உள்ளே நுழைந்தார். குனிந்து சாரதாமணியின் முழங்காலைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"வீக்கமே இல்லியேப்பா!"

"இருதயமுங்க... அவ உடம்பே அவளை அடிக்குதுங்க..." என்றான் சண்முகவேல்.

"அவளே அவளை அடிச்சுக்கறாளா? நல்லாருக்குது போ! அன்னிக்கு முழங்காலு, இன்னிக்கு இருதயம். நாளைக்கு மூக்கா? தீவாளி நோம்பிக்குச் சேலை போவோணும். இப்பத் தறிக்குழியில எறங்கலீன்னா உங்க ரெண்டு தறியையும் அவுத்துட்டுப் போயிருவேன்."

"நான் மிதிக்கறனுங்க மொதலாளி" என்று கந்தம்மாள் எழுந்தாள்.

"உன் தறி சும்மா கெடக்கறதுக்கா?"

சாரதாமணி சுவரைப் பிடித்துத் தறிக்குழியில் இறங்கினாள். சண்முகவேல் நீட்டிய கையை மெல்ல விலக்கிவிட்டு மிதிகட்டையை அழுத்தினாள். கந்தம்மாள் அருகில் உட்கார்ந்து முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். முதலாளி குழி ஓரமாகக் குந்தி, ஏறி இறங்கும் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? காலுல ஒண்ணுமில்லை. நிறுத்து, போதும்."

தறி நின்றது. அவள் நெஞ்சின் மேல் கிடந்த தாலி மட்டும் நிற்காமல் எகிறி எகிறி விழுந்துகொண்டிருந்தது.