சம்மதம் என்றொரு பொத்தான்

அடுப்பில் பால் பொங்கி வந்தது. பிரஷ் அக்கா ஒரு கையால் அடுப்பைத் தணித்துக்கொண்டே மறு கையின் கட்டைவிரலால் போனில் 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்கினாள். எதற்குச் சம்மதம், யாருக்குச் சம்மதம் என்று அவளுக்குத் தெரியாது. பொடி எழுத்தில் நாற்பது பக்கம் ஓடும் அந்த விதிகளை வாசித்து முடிப்பதற்குள் பால் மட்டுமல்ல, பாத்திரமும் கரிந்துபோகும். அமுக்கினால்தான் அன்றைய ஆர்டர் கண்ணில் தெரியும். நாலு வருஷமாக அவள் வீட்டில் இப்படித்தான் விடிகிறது.

தெருக்காரர்கள் வைத்த பெயர்தான் பிரஷ் அக்கா. மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது பால் பாட்டிலின் கழுத்துக்கு அடியில் எந்த பிரஷ்ஷும் எட்டாமல் கொழகொழவென்று அழுக்கு தங்கும். ஒருநாள் வெறுத்துப்போய் பிரஷ்ஷின் கம்பியை வளைத்துவிட்டாள். வளைந்த பிரஷ் மூலை முடுக்கெல்லாம் துடைத்துக்கொண்டு வந்தது. கம்பிப் பட்டறையில் வேலை பார்த்த கணவர் அதற்கென்று ஒரு முறுக்கு இயந்திரம் செய்து பின்னறையில் வைத்தார். பொட்டலம் கட்ட இரண்டு பெண்கள் வந்தார்கள்.

விற்பது எங்கே? 'பெரிய கடை'யில்தான். அது போனுக்குள் இருக்கும் கடை. ஆரம்பத்தில் எதை எடுத்தாலும் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தது. ஜனங்கள் மொய்த்தார்கள். பிரஷ் அக்காவும்தான் மொய்த்தாள். சோப்பு முதல் செருப்பு வரை அதில்தான் வாங்கினாள். தெருக்கடைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. பிறகு விலை மெல்ல ஏறியது. அதைக் கேட்க நினைத்தவர்களுக்கு வேறு கடை மிச்சமில்லை. அதோடு விட்டதா? ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் தன்னிடம் சரக்கு வைத்து விற்றவர்களையே கடித்தது.

ஒருநாள் பட்டியலில் முதலாவதாக ஒரு பிரஷ் நின்றது. 'பெரிய கடை'யின் சொந்தத் தயாரிப்பாம். அதே வளைவு. அதே நீளம். அவள் பிரஷ்ஷின் கைப்பிடியில், ஆணியில் மாட்டுவதற்கான ஓட்டை சற்றுக் கோணலாக இருக்கும். அச்சு செய்தவன் செய்த தப்பு அது. அந்தக் கோணல் ஓட்டையும் அச்சு அசலாக அங்கே இருந்தது. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவன், அவன் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டு வந்தானாம். அந்தக் கதைதான். அந்தப் பையனாவது வெட்கப்பட்டிருப்பான்.

தன் பிரஷ்ஷைத் தேடிப் பார்த்தாள். ஒன்பதாம் பக்கத்தில், நாய்க்கு முடி சீவும் சீப்புக்குக் கீழே கிடந்தது. ஆர்டர் கழுதை தேய்ந்து கட்டெறும்பானது. பொட்டலம் கட்டிய பெண்களில் ஒருத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று. இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் இயந்திரமும் நிற்கும்.

வணிகப் போட்டி ஆணையத்துக்கு ஒரு புகார் எழுதிப் போட்டாள். அங்கே ஏற்கெனவே பெரிய கடை மீது விசாரணை நடந்துகொண்டிருந்ததால், நேரில் வந்து சொல்லும்படி கடிதம் வந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் அவளுடைய தம்பி வந்தான். பெரிய கடையில்தான் அவனுக்கு வேலை. விற்பனையாளர் நலப் பிரிவாம்.

"அக்கா, நாளைக்கு நீ போகாத."

"போனா?"

"உன் கடைய மூடிருவாங்க. மூடுறோம்னு சொல்ல மாட்டாங்க. 'பரிசீலனையில் உள்ளது'ன்னு போடுவாங்க. அப்புறம் ஆயுசுக்கும் பரிசீலனைதான்."

"போகலன்னா?"

அவன் டீ டம்ளரை எடுத்துக்கொண்டான். பின்னறையிலிருந்து கணவர் எண்ணெய்க் கையோடு எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, பிள்ளையவும் கிள்ளிட்டு, தொட்டிலையும் ஆட்ட வந்தியா?"

"நான் சம்பளக்காரன் மாமா. எனக்கு மேல எத்தனையோ பேர்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். வந்ததிலிருந்து அவன் அக்காவின் முகத்தை நேராகப் பார்க்கவேயில்லை என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் காலையில் போனை எடுத்தாள். புதிய விதிகள் வந்திருந்தன. கட்டைவிரல் பொத்தான் வரை போய்விட்டது. என்ன நினைத்தாளோ, அமுக்காமல் பையில் போட்டுக்கொண்டாள். பையில் ஆறு பிரஷ்களும் இருந்தன.

ஆணையத்தின் அறையில் நீளமான மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம் தலைவர். இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் அவள். அவளுக்குப் பக்கத்தில் சற்றுத் தள்ளி பெரிய கடையின் வக்கீல். அவருக்குப் பின்னால் மூன்று இளம் வக்கீல்கள். அவர்களுக்கும் பின்னால் கோப்புக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய தம்பி.

வக்கீல் தேன் ஒழுகப் பேசினார். "அம்மா, நாலு வருஷத்துல நீங்க ஆயிரத்து இருநூத்தி எட்டுத் தடவை சம்மதம் சொல்லியிருக்கீங்க. உங்க பொருளோட அளவு, கம்பி வாங்குற இடம் எல்லாத்தையும் கம்பெனி பயன்படுத்திக்கலாம்னு அதுல ஒண்ணு. ஞாபகம் இருக்கா?"

"தரப் பரிசோதனைக்குன்னு கேட்டாங்க. கொடுத்தேன்."

"சம்மதிச்சுத்தானே கொடுத்தீங்க?" என்றவர், ஒரு பெரிய தாளைத் தூக்கிக் காட்டினார். "அதுமட்டுமில்ல, மகிழ்ச்சியான சிறு வணிகர் பேரவையில நீங்க உறுப்பினர். இந்த விசாரணையே வேண்டாம்னு பேரவை ஆணையத்துக்குக் கொடுத்த மனு இது. முதல் பேரே உங்களோடதுதான்."

மனுவின் உச்சியில் அவள் படம். கையில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். பின்னறையில் எடுத்தது. இயந்திரம் புதிதாக ஓடிய அன்று, "சும்மா சிரி அக்கா" என்று சொல்லித் தம்பி எடுத்தது.

அவளுக்குப் பாட்டில் கழுத்துக்குள் தங்கும் அந்தக் கொழகொழப்பை வெறும் விரலால் தொட்டது போலிருந்தது. திரும்பிப் பார்த்தாள். தம்பி தரையின் கற்களை எண்ணிக்கொண்டிருந்தான். அடுத்தவள் உழைப்பைத் தின்பது போதாதாம். தின்னும்போது அவள் சிரித்த முகமாகப் பக்கத்தில் நிற்கவும் வேண்டுமாம். திருடனுக்குக்கூட இவ்வளவு துணிச்சல் வராது. அவன் திருடிவிட்டு ஓடுவான். வீட்டுக்காரியிடம் நற்சான்றிதழ் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டான்.

"அந்தப் பொத்தான அமுக்கச் சொல்லி யாராவது உங்களக் கட்டாயப்படுத்தினாங்களாம்மா?" என்று கேட்டார் தலைவர்.

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் அமுக்கினீங்க?"

அவள் போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இன்னைக்கு வந்ததுங்க. இன்னும் அமுக்கல. இதுல 'சம்மதம் இல்லை'ன்னு எங்க இருக்குன்னு சாரக் காட்டச் சொல்லுங்க."

வக்கீல் சிரித்துக்கொண்டே வாங்கினார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. இளம் வக்கீலிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார்.

"செட்டிங்ஸ்ல இருக்கும்" என்றார் மூன்றாமவர்.

"செட்டிங்ஸுக்குள்ள போகணும்னா மொதல்ல சம்மதம் அமுக்கணுங்க" என்றாள் பிரஷ் அக்கா.

"இங்க கொடுங்க." தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனை வாங்கினார். ஒற்றை விரலால் ஒவ்வொரு வரியாகத் தள்ளிக்கொண்டே போனார். திடீரென்று போனில் மணியோசை கேட்டது. 'நன்றி. உங்கள் சம்மதம் பதிவு செய்யப்பட்டது' என்று ஒரு குயில் குரல் சொன்னது.

தலைவர் சட்டென்று போனை மேஜைமேல் வைத்தார்.

"ஐயா, எதுக்குச் சம்மதம் சொன்னீங்க?" என்று கேட்டாள் பிரஷ் அக்கா.

"நான் படிக்கத்தானே தள்ளினேன்... விரல் பட்டுருச்சு."

"ஆயிரத்து இருநூத்தி ஒம்பதுங்க" என்றாள் அவள். "வேண்டாம்னு சொல்ல ஒரு வழி இருந்தாத்தாங்க, சரின்னு சொன்னதுக்குப் பேரு சம்மதம். இருக்கிறதே ஒரு கடை, அதுக்குள்ள இருக்கிறதே ஒரு பட்டன்னா, அது கழுத்துல கைய வச்சுத் தலைய ஆட்ட வைக்கிறது."

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னால் கோப்புக் கட்டு தரையில் விழுந்த சத்தம் கேட்டது. தம்பி எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"அந்தப் படத்தை எடுத்தது நான்தாங்க. அக்காவக் கேக்காமக் கொடுத்தேன். பேரவையில இருக்கிற மத்த நாலாயிரம் பேருக்கும் அப்படி ஒரு பேரவை இருக்கிறதே தெரியாது. பட்டியல டைப் அடிச்சதும் நான்தான்." ஓர் இளம் வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் உட்காரவில்லை. மனுவை ஒதுக்கி வைக்கும்படியும், அவன் சொன்னதை அப்படியே பதிவு செய்யும்படியும் தலைவர் எழுத்தரிடம் சொன்னார்.

வெளியே வந்து வாசற்படி இறங்குவதற்குள் போன் அதிர்ந்தது. 'உங்கள் கடை பரிசீலனையில் உள்ளது.'

"நான்தான் சொன்னேனே" என்றான் தம்பி. "என்னைய மன்னிச்சுரு அக்கா. இனிமே என்ன பண்றது?"

அவள் உடனே மன்னித்துவிடவில்லை. படத்தில் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணிலேயே நின்றது. "அவங்கள மட்டும் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றாள். "நாலு காசு கொறைச்சல்னு தெருக்கடைங்க அத்தனையும் மூடுற வரைக்கும் அமுக்குனது நாமதானடா. ஊருக்கு ஒரே கடை போதும்னு மொத சம்மதத்தைச் சொன்னதே நாமதான்."

பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில் ஒரு பாத்திரக்கடை இன்னும் உயிரோடு இருந்தது. பல தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறாள்; ஏறியதில்லை. இன்று ஏறினாள். ஆறு பிரஷ்களையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

கடைக்காரர் ஒன்றை எடுத்து வளைவைத் தடவிப் பார்த்தார். "சாமான் நல்லா இருக்கு. ஓட்டைதான் கோணல். ஆணியில நேராத் தொங்காதே."

"கோணலாத்தாங்க தொங்கும். ஆனா நல்லாக் கழுவும்."

அவர் சற்று யோசித்தார். "இருக்கட்டும், ஆறையும் மாட்டுறேன். ஒரு மாசம் பாப்போம். போகலன்னா திருப்பிக் கொடுத்துருவேன். உங்களுக்கும் பிடிக்கலன்னா எப்ப வேணா வந்து எடுத்துக்கலாம். சம்மதமாம்மா?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் கட்டைவிரல் பழக்கத்தில் ஒருமுறை துடித்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து சொன்னாள்.

"சம்மதங்க."