ஏழாவது டேக்

“அவனுங்க கிட்ட மூச்சு வுடாத, ஹபீ. இந்த ரெக்கார்டு முடியட்டும்.”

“டாக்டரு இன்னா சொன்னாரு? இன்னொரு தபா ரத்தம் வந்தா பேச்சே போயிடும்னாரா இல்லியா?”

“கத்தாம பாட இதின்னா தாலாட்டா?”

போன வாரம் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நடந்த அந்தப் பேச்சு ஹபீபாவை இன்னும் விடவில்லை. அவள் கணவன் கியாசுதீன் அன்று சிரித்தான். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இப்போது முட்டுக்காட்டில், ஸ்டுடியோவாக மாற்றியிருந்த வாடகை வீட்டில், சுவர் முழுக்க இலவம்பஞ்சு மெத்தைகள் தொங்கின. இரைச்சல் பதிந்துவிடும் என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்தார்கள். பதினான்கு வருடங்களாகச் சேர்ந்து வாசிக்கும் ராக் குழு; கியாஸ்தான் பாடகன். இது அவர்களுடைய ஐந்தாவது ஆல்பம். முதல் ஆல்பத்திலிருந்தே ஒரு பிடிவாதம் அவர்களுக்கு: எல்லோரும் ஒன்றாக வாசித்து ஒரே மூச்சில் டேப்பில் ஏற்ற வேண்டும். வெட்டி ஒட்டுவது கேவலம். ஒருவர் தவறினால் அத்தனை பேரும் முதலிலிருந்து.

கடைசிப் பாட்டின் நடுவில் கியாஸ் உச்சத்தில் அலற வேண்டும். அவன் சரியாகத்தான் அலறினான். ஆனால் அதற்குப் பிறகு ஒருமுறை செல்வராஜின் டிரம் குச்சி நழுவியது. ஒருமுறை ஆபிரகாமின் கித்தார் சுருதி விலகியது. இன்னொருமுறை வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். இப்படியே ஆறு டேக் வீணாயின. தப்பு யாருடையதானாலும், தண்டனை அவன் தொண்டைக்கு.

“இன்னா அண்ணாத்த, தொண்டைல துரு புடிச்சிக்கிச்சா?” என்றான் செல்வராஜ்.

“உன் ஓட்ட டிரம்முக்கு இது தேவலடா.”

கடைசி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஹபீபா வெந்நீர் நீட்டினாள். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த தம்ளரில், மிச்சத் தண்ணீரில், நூல் போல ஒரு சிவப்பு மிதந்தது.

அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். சொல்லாதே என்பதுபோல் மெல்லத் தலையசைத்தான்.

“ஏழாவது. டேப் ஓடுது,” என்றான் மெஷின் பக்கத்தில் இருந்த சம்பத்.

கல்லூரி விழா மேடையில் அந்தக் குரலைக் கேட்டுத்தான், அத்தாவின் கோபத்தையும் மீறி அவனைக் கட்டிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட ‘பாடாதீங்க’ என்றதில்லை. அதைச் சொன்னால் அவனையே வேண்டாம் என்றதாகிவிடுமோ என்று பயம். தம்ளரைப் பார்த்த பிறகு அதைவிடப் பெரிய பயம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

டிரம் உருண்டு உருண்டு உயர்ந்தது. கியாஸ் கண்ணை மூடி மூச்சை இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது.

“வேணாங்க!”

கித்தார் தடுமாறி நின்றது. டேப் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அவனை மட்டும் பார்த்தாள்.

“பாடாதீங்க. புள்ளைங்கள அதட்ட, என்கூட சண்ட போட, எனக்கு அந்தக் குரல் வேணும். அத எனக்குக் குடுத்துடுங்க.”