லாரிக்குள் டிராக்டர்

"இன்னும் ஒரு லிட்டர் ஊத்தட்டுமா அண்ணி?"

"கோடு வரைக்கும் வந்துச்சா?"

"வரலை. குச்சி நுனிதான் நனையுது."

"அப்ப ஊத்து. எண்ணெயில கஞ்சத்தனம் பண்ணாதே."

கொழுந்தன் மெதெர்பெக் ஊற்றினான். ஜானில் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். புருஷன் விட்டுப்போன லாரி. ஆறு வருஷமாக அவள்தான் ஓட்டுகிறாள், மலைச் சுரங்கத்திலிருந்து நாரின் நகரத்துக்கு நிலக்கரி. அதன் பெட்ரோல் எஞ்சின் கல்யாண வீட்டுக் குடிகாரன் மாதிரி, எவ்வளவு ஊற்றினாலும் போதாது. பெட்ரோலும் இப்போது கிடைப்பதில்லை. டீசல் என்றால் சுரங்கத்திலேயே தருகிறார்கள். பனி விழுந்து கணவாய் மூட இன்னும் மூன்று வாரம். அதற்குள் பத்து நடை அடித்தால்தான் பிள்ளைகளுக்குக் குளிர்காலம் முழுக்க ரொட்டி.

அதற்குப் பதிலாக மாட்டிய டீசல் எஞ்சின் வந்தது, அச்சு முறிந்து முற்றத்தில் கிடந்த டிராக்டரிலிருந்து. கூட்டுப்பண்ணையைக் கலைத்தபோது இரண்டு வீட்டுக்கு ஒரு டிராக்டர் என்று பிரித்தார்கள். பாதி இவர்களுக்கு, பாதி பக்கத்து வீட்டு சபிர்குலுக்கு. அவன் ஆடுகளோடு கோடை மேய்ச்சலுக்கு மேலே போயிருந்த நேரம் பார்த்துத்தான் கழற்றினார்கள். கேட்டால் தரமாட்டான், அதனால் கேட்கவில்லை.

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமியது, கறுப்பாகத் துப்பியது, பிறகு தடதடவென்று பிடித்துக்கொண்டது.

"உயிர் வந்துடுச்சு அண்ணி!" என்று கொழுந்தன் கத்திய அதே நேரம், வேலிக்கு மேல் ஒரு குதிரைத் தலை தெரிந்தது.

சபிர்குல் இறங்காமலே குதிரையை முற்றத்துக்குள் ஓட்டி வந்தான். டிராக்டரின் வெறும் வயிற்றைப் பார்த்தான். லாரியைப் பார்த்தான்.

"என்ன மெதெர்பெக், ஆடு அறுக்கலையா? வண்டிக்கு ரத்தம் காட்டாம எழுப்பலாமா?"

"பழைய வண்டிதானே அண்ணே."

"எஞ்சின் புதுசாச்சே. இரு, நான் காட்டுறேன்."

சாட்டை மெதெர்பெக்கின் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை பிளந்தது. அவன் அலறிக்கொண்டே சபிர்குலின் காலைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் விழுந்தார்கள், குதிரை தெறித்து ஓடியது. சபிர்குல் சாட்டையின் கட்டைப் பிடியால் வாயிலேயே குத்தினான். இரண்டு பல் கீழே விழுந்தது.

"திருட்டு நாயே! நான் இல்லாத நேரத்துலயா கை வச்சே?"

"பாதி எங்களுது!"

"எந்தப் பாதிடா? காட்டு, எந்தப் பாதி?"

மெதெர்பெக் அவன் தலைமயிரைப் பிடித்து லாரியின் முன்கம்பியில் மோதினான். ஒரு முறை. மறுபடியும். மூன்றாவது முறை மோதியபோது ஓசை வேறு மாதிரி இருந்தது.

"விட்டுடு! செத்துடுவான்!" என்றாள் ஜானில். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. எஞ்சின் கத்திக்கொண்டிருந்தது. அவள் கால் மிதியின்மேலேயே இல்லை, ஆனாலும் வேகம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. வெள்ளைப் புகை முற்றத்தை மூடியது.

சாவியைத் திருப்பி அணைத்தாள். அணையவில்லை. பெட்ரோல் வண்டிப் பழக்கத்தில் கை சாவியையே பிடுங்கி எடுத்தது. எஞ்சின் அதற்கும் சிரித்தது. டீசலை மூடும் கம்பியை இழுத்தாள். நிற்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷத்தில் உள்ளிருக்கும் இரும்பு வெளியே வரும். பத்து நடையும் போச்சு, குளிர்காலமும் போச்சு.

குதித்து இறங்கினாள்.

சபிர்குலின் மார்பில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான் மெதெர்பெக். சபிர்குலின் வாய் அசைந்தது. கண் மெதெர்பெக்கைப் பார்க்கவில்லை, எஞ்சினையே பார்த்தது. ஏதோ சொல்கிறான்.

"அவன் என்னமோ சொல்றான், கையை எடு!"

"திட்டுறான் அண்ணி! இன்னமும் திட்டுறான்!"

இருபது வருஷம் அந்த டிராக்டரை ஓட்டியவன் அவன். அதன் வாயை மூடத் தெரிந்த ஒரே ஆளின் வாயை இவன் மூடிக்கொண்டிருக்கிறான். ஜானில் சக்கரம் கழற்றும் இரும்புக் கம்பியை எடுத்தாள். கொழுந்தனின் தோளெலும்பைப் பார்த்து ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்தது கைக்குத் தெரிந்தது. அவன் சரிந்தான்.

"சொல்லுண்ணே!"

"காத்து..." சபிர்குல் ரத்தத்தைத் துப்பினான். "அதோட காத்தை அடை. துணி வேணாம், இழுத்து முழுங்கிடும். பலகை!"

வெளியடுப்பருகே இறைச்சி வெட்டும் பலகை கிடந்தது. வடிகட்டி மாட்டாத காற்றுக்குழாயின் வாயில் அதை வைத்து உடம்போடு அழுத்தினாள். பலகை ஒட்டிக்கொண்டது. எஞ்சின் லாரியையே உலுக்கியது, விக்கியது, நின்றது.

முற்றத்தில் மெதெர்பெக் முனகுவது மட்டும் கேட்டது.

சபிர்குல் தவழ்ந்து வந்து அளவுக்குச்சியை உருவிப் பார்த்தான். "எவ்வளவுடா ஊத்தினே?"

"கோடு வரைக்கும்."

"டிராக்டர்ல நேரா நின்னுச்சு. இங்க மூக்கைத் தூக்கி உக்கார வச்சிருக்கே, கோடு எப்படிடா சரியா வரும்? அளவு மீறிப்போய், தன் எண்ணெயையே குடிச்சு ஓடியிருக்கு." பிறகு அவளிடம் சொன்னான்: "எண்ணெய்ல பாதியை இறக்கு. இன்னிக்கே ஓடும்."

"எஞ்சினைக் கேக்கலையா?"

"கேப்பேன். வசந்தத்துல அச்சு கிடைச்சதும் உழவுக்கு வேணும். அதுவரைக்கும் ஓட்டித் தொலை."

மெதெர்பெக் தொங்கும் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வாயிலிருந்து ரத்தம் கோழையாக வழிந்தது.

"நீங்க யாரு பக்கம் அண்ணி?"

"எஞ்சின் பக்கம்."

 மெதெர்பெக் வேலியைத் தாண்டித் தெருவில் நடந்தான். கூப்பிட்டாள், திரும்பவில்லை. ஜானில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எண்ணெய் இறக்க லாரிக்கு அடியில் படுத்தாள்.