அம்மன் உட்கார்ந்த சீட்டு

டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், யார் ஃபைலோடு வந்து என்ன கேட்டாலும் சனங்கள் கையைத் தூக்கிவிடுவார்கள். தூக்கினால் கூரைத் தகரம் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை. "கரண்டுல ஓடுற ஆட்டோ வந்தா அதுல போவீங்களா?" என்று கொழும்பு மேடம் ஒருவர் கேட்டபோதும் எண்பத்து நான்கு கைகள் மேலே போயின. தகரம் வரவில்லை. ஆனால் அந்தக் கைகளை நாகலெட்சுமி நம்பித் தொலைத்தாள்.

இருந்த நகை முழுவதையும் விற்று ஒரு கரண்டு ஆட்டோ வாங்கினாள். கொழுந்து பறிக்கும் வேலையை விட்ட அன்று பழனியாண்டிக் கங்காணி வாய் நிறையச் சிரித்தார். "மூணே மாசம். மறுபடி பெரட்டுல வந்து நிப்ப. ஒம் பேரை வெட்டாம வச்சிருக்கேன்."

காலையில் ஆள் கணக்கெடுக்கும் அந்தப் பெரட்டுக் களத்தில், அந்தச் சிரிப்புக்கு முன்னால் போய் நிற்பதைவிட மலையிலிருந்து உருண்டு விழலாம் என்று அவளுக்கு இருந்தது.

இரண்டு மாதமாக ஆட்டோவில் ஈதான் ஏறியது. காரணம் மழை.

"நனைஞ்ச சீலையோட கரண்டு மேல குந்தச் சொல்றியா?" என்றாள் பக்கத்து லயத்து வரிசை வீட்டு வேலாயி.

"அப்ப எதுக்குக்கா கையைத் தூக்குனீங்க?"

"எல்லாரும் தூக்குனாங்க."

வயிற்று வலி தாங்காத ஒரே ஒருவர் மட்டும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, இரண்டு காலையும் அந்தரத்தில் தூக்கிப் பிடித்தபடி ஆஸ்பத்திரி வரைக்கும் போனார்.

பிறகு திருவிழா வந்தது. கொட்டும் மழையில் அம்மனை ஏற்றி வந்த டிராக்டர் பாதி ஏற்றத்தில் படுத்துவிட்டது. நாகலெட்சுமி ஆட்டோவைக் கொண்டுபோய் நிறுத்தினாள். பூசாரி பதறிவிட்டார்.

"அம்மனுக்கு ஷாக் அடிச்சா யாரு பதில் சொல்றது?"

"வருசா வருசம் ஜெனரேட்டர்ல வயர் இழுத்து, இதே மழையில தாயைச் சுத்தி முந்நூறு பல்பு கட்டுறீங்களே சாமி, அப்ப அடிக்காத ஷாக்கா இப்ப அடிக்கப்போகுது?"

பூசாரி டிராக்டரில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். அம்மன் பின்சீட்டில் ஏறினாள். ஆட்டோ சத்தமில்லாமல் மலையேறியது. டிராக்டர் இரைச்சல் இல்லாததால் அன்றைக்குத்தான் தப்பு மேளம் முழுசாகக் காதில் விழுந்தது. அடித்தவர்களுக்கே ஆச்சரியம்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் கூட்டம். நாகலெட்சுமிக்கு வயிறு குளிர்ந்தது. ஆனால் கூட்டம் ஆட்டோவுக்குக் குங்குமம் வைத்தது, சூடம் காட்டியது, தேங்காய் உடைத்தது. ஏறத்தான் ஆளில்லை.

"அம்மன் குந்துன சீட்டுல நான் குந்துறதா?" என்று வேலாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கண்ணு அவிஞ்சிரும்டி."

பழனியாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு ஆட்டோவைக் கும்பிட்டார். போகிறபோக்கில், "பேரை இன்னும் வெட்டல" என்றார்.

நாகலெட்சுமிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நேரே ஹட்டன் டவுனுக்கு விட்டாள். இப்றாஹிம் நானாவின் கருவாட்டுக் கடையில் போய் நின்றாள்.

"நானா, நம்ம தோட்டத்துக் கடைக்குப் போற மூட்டையை நான் ஏத்திக்கிறேன். வாடகை வேணாம். நல்லா நாறுறதா பாத்துப் போடுங்க."

"நாறுறது எதுக்கும்மா?"

"சாமியை எறக்கணும்."

நாற்பது வருட வியாபாரத்தில் இப்படி யாரும் அவரிடம் கருவாடு கேட்டதில்லை. நான்கு மூட்டைகளைப் பின்சீட்டில் அடுக்கினார். மீதி வேலையை மழை பார்த்துக்கொண்டது. சத்தமில்லாத ஆட்டோ வருவது அன்று எல்லா லயத்துக்கும் முன்கூட்டியே தெரிந்தது.

அடுத்த நாள் விடியலில் வேலாயி ஆட்டோவுக்குள் தலையை நீட்டி ஒருமுறை மோந்து பார்த்தாள். "ஆத்தா போயிட்டா" என்று சொல்லிவிட்டு, ஈரச் சீலையோடு ஏறி உட்கார்ந்தாள்.

"ஷாக் அடிக்காதாக்கா?"

"அவளுக்கே அடிக்கல, எனக்கு என்னடி?"

அவள் பின்னால் இன்னும் மூன்று பேர் நெருக்கியடித்து ஏறினார்கள். பெரட்டு நடந்துகொண்டிருந்தது. நாகலெட்சுமி களத்தின் ஓரமாக நிறுத்தி ஹார்ன் அடித்தாள்.

"கங்காணி ஐயா, இப்ப வெட்டுங்க பேரை."

பழனியாண்டி ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுகையால் வெட்டினார்.