உருமால் கட்டிய பிறகு

பத்தொன்பது வயதாகியும் வன்னியபெருமாளை ஊரில் ஒருவரும் ஆளாக மதித்ததில்லை. மதிக்கும்படி அவனும் எதையும் செய்து கிழித்துவிடவில்லை. தூத்துக்குடி கீழூரில் அவன் அப்பா சிவனணைந்தபெருமாளுக்குப் பலசரக்குக் கடை. வருகிறவர்கள், கல்லாவில் இவன் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே, "அண்ணாச்சி இல்லியா? சரி, அவிய வந்தப்புறம் வாரோம்" என்று திரும்பிப் போவார்கள். அரைப்படி உளுந்தின் விலையை இவன் சொன்னால்கூட நம்பமாட்டார்கள். இவனுடைய மீசையை எவ்வளவு கத்தரிக்க வேண்டும் என்பதை அப்பாதான் கூட நின்று நாவிதரிடம் சொல்லுவார். இவனுக்கு அதில் கோபம் உண்டு. அந்தக் கோபத்தில் ராத்திரிச் சோற்றில் இரண்டு கவளம் குறைத்துக்கொள்வான். அதற்கு மேல் துணிச்சல் கிடையாது.

ஜெர்மன் சண்டை முடிந்த வருஷம் ஐப்பசியில், கருப்பட்டியும் வெங்காயமும் ஏற்றிக் கொழும்புக்குப் புறப்பட்ட தோணியில் அப்பாவும் ஏறினார். சரக்கைத் தன் கண் முன்னால் இறக்கினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். மறுநாளே கடல் கெட்டுப்போனது. நான்காம் நாள் உடைந்த பலகைகளும் பாய்மரத் துண்டும் கரைக்கு வந்தன. தோணியில் போன ஒன்பது பேரில் ஒருவரும் வரவில்லை.

அவன் அம்மா செல்லக்கனி அன்றைக்குப் போய்த் தோணித்துறையில் உட்கார்ந்தாள். விடிந்ததும் போவாள், விளக்கு வைக்கும் நேரத்துக்கு இவன் இழுத்துக்கொண்டு வருவான். துறைக்கு வருகிற ஒவ்வொரு தோணிக்காரனிடமும், "எங்க வீட்டு அவியளப் பாத்தியளா?" என்று கேட்பாள். "யாரும்மா?" என்று அவன் திருப்பிக் கேட்டால் புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள். பின்னால் நிற்கிற வன்னியபெருமாள்தான் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அப்பாவின் பெயரைச் சொன்னான். நாற்பது தடவையும் இல்லை என்று தலையாட்டினார்கள்.

சோறு தண்ணியை அவள் விட்டுவிட்டாள். யார் என்ன சொல்லியும் எடுபடவில்லை. ஒன்பதாம் நாள் மணலில் சாய்ந்தவளைத் தூக்கித்தான் வர வேண்டியிருந்தது. உடம்பு கிடைக்காதவனுக்குக் கருமாதி கிடையாது, பன்னிரண்டு வருஷம் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வகையறாவில் வழக்கம். பன்னிரண்டு வருஷம் என்ன, இன்னும் பன்னிரண்டு நாள்கூட அவள் தாங்கமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அப்பா வர வேண்டும் என்று திருச்செந்தூர் இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த வன்னியபெருமாள், பத்தாம் நாள், எதுவானாலும் சரி, முடிந்தால் போதும் என்று கும்பிட்டான். உடனே தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையிலும் அதையேதான் கும்பிட்டான்.

அன்றைக்கு மத்தியானம் ஆளனுப்பினார்கள். ஆறுமுகநேரி உப்பளத்துக்குக் கிழக்கே ஒரு உடம்பு ஒதுங்கியிருக்கிறதாம். சித்தப்பா பிச்சையா அவனைக் கூட்டிக்கொண்டு கரியில் ஓடும் பஸ்ஸில் போனார். கரையில் கிராம முன்சீப்பும் உப்பளத்து ஆட்களும் காற்று வராத பக்கமாகப் பார்த்து எட்டி நின்றார்கள். சித்தப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பாதி வழியில் நின்றுவிட்டார்.

"ஏலே, நீ போயிப் பாரு. என்னால ஆவாது."

அவன் போனான். முகம் என்று ஒன்று இல்லை. மீன் தின்றிருந்தது. ஏறக்குறைய அப்பாவின் உயரம்தான். ஆனால் கழுத்தில் உத்தரியம் கிடந்தது. வேதக்காரர்கள் மாதா கோயிலில் மந்திரித்து வாங்கிப் போட்டுக்கொள்வார்களே, நூலில் கோத்த இரண்டு சின்னத் துணித்துண்டு, அதுதான். அப்பாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? தோணியில் வேலைக்கு ஏறிய பரதவர் யாரோ ஒருவர். சந்தேகமே இல்லை.

எத்தனை நேரம் அப்படி நின்றான் என்று அவனுக்குத் தெரியாது. துறையில் குந்தியிருக்கும் அம்மாவின் முதுகு ஞாபகத்துக்கு வந்தது. அதன் பின்னால் இன்னும் எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பதும் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டில் எது அவனைக் குனிய வைத்தது என்று நான் சொல்லமாட்டேன், அவனுக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்ல? குனிந்தான். கரையில் நின்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உத்தரியத்தைப் பிடித்து இழுத்தான். ஊறிப்போன நூல், சத்தமில்லாமல் அறுந்தது. மணலைக் கையால் தோண்டி அதை உள்ளே தள்ளி மூடிவிட்டு எழுந்தான்.

"எங்க அய்யாதான்" என்றான்.

யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. முன்சீப் எழுதிக்கொண்டார். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஊருக்குக் கொண்டுபோகிற நிலையில் உடம்பு இல்லாததால், அங்கேயே உடைமர விறகு அடுக்கினார்கள். வன்னியபெருமாள் கொள்ளி வைத்தான். செத்தவனுக்கு எப்படிப் போனால் என்ன என்று நினைத்துக்கொண்டான். அந்த வயதில் அப்படியெல்லாம் நினைப்பது சுலபம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ பாத்தியால? உங்கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்மா."

அவள் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. ஆனால் மறுநாள் கஞ்சி குடித்தாள். அதைப் பார்த்து அவன் கொல்லைப் பக்கம் போய் ஒரு மூச்சு அழுதான். செய்தது சரிதான் என்று அவனுக்குத் தோன்றியது.

பதினாறாம் நாள் கருமாதியில் அம்மாவின் தாலியை வாங்கினார்கள். அதே நாளில் தாய்மாமன் புது வேட்டியை மடித்து அவன் தலையில் உருமால் கட்டினார். தகப்பன் போனால் மகனுக்குக் கட்டுகிற தலைப்பாகை. "இனி நீதாம்லே வீட்டுக்குப் பெரியவன்" என்று ஆளாளுக்கு விபூதி பூசினார்கள். கடைக்கு வருகிறவர்கள் அவனையே அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் சொன்ன விலைக்கு வாங்கிப் போனார்கள். தகப்பனைத் தன் கையால் எரித்துவிட்டு வந்து வீட்டைத் தாங்குகிற பிள்ளை என்று தெருவில் பேச்சு. உள்ளதைச் சொன்னால் என்ன, அவனுக்கு அது பிடித்திருந்தது. மீசையைத் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் வளரவிட்டான்.

கருமாதி முடிந்து ஒரு வாரம் இருக்கும். முற்பகலில் ஒரு பெண் பச்சைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கடை முன்னால் வந்து நின்றாள். நடந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"தம்பி, நான் அல்போன்சா. உங்க அய்யா போன தோணியில வேல பாத்த கித்தேரியான் பெஞ்சாதி."

புருஷன் பெயரை அவளே சொல்லிவிட்டாள். அவளுக்காகச் சொல்ல யார் இருந்தார்கள்?

"நான் அப்பவே வந்திருப்பேன். பிள்ள பெத்துக் கெடந்தேன், வெளிய விடமாட்டேன்னுட்டாவ. ஆறுமுகநேரியில ஒரு உடம்பு கெடச்சதுல்லா. உங்க அய்யான்னுதான் எல்லாரும் சொன்னாவ. என் மனசு ஆறக் கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. அந்த உடம்புல, கழுத்துல உத்தரியம் கெடந்துச்சா? எங்க அவிய குளிக்கும்போதுகூடக் கழத்தமாட்டாவ. அந்தத் தோணியில உத்தரியம் போட்டவிய எங்க அவிய ஒருத்தருதான்."

"இல்ல" என்றான். யோசிக்கவே இல்லை. தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணுமே இல்லக்கா" என்று இன்னொரு தடவையும் சொன்னான்.

அவள் அப்படியே கண்ணை மூடித் திறந்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"மாதாவே. அப்போ உசிரோடதான் இருக்காவ. கொழும்புல கரையேறி ஒருத்திய வச்சிக்கிட்டு இருக்காவன்னு எங்க தெருவுல பேசுதாவ தம்பி. இருந்துட்டுப் போவட்டும். உசிரோட இருந்தாப் போதும் எனக்கு. நாளையிலேருந்து துறையில போயி ஒக்காரப்போறேன். வார தோணியில கேட்டா யாராச்சும் சொல்லாமலா போயிருவாவ?"

பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

வன்னியபெருமாள் உட்கார்ந்தபடியே இருந்தான். மிளகாய் வற்றல் கேட்டவருக்கு மல்லியைப் போட்டான். அம்மாவை மணலிலிருந்து எழுப்பியதாக நினைத்திருந்தானே, அந்த இடத்தில் கொண்டுபோய் இன்னொருத்தியை உட்கார வைத்திருக்கிறான், அதுவும் கைப்பிள்ளையோடு. இவளைத் தூக்கி வர இவள் வீட்டில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகூட இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், இந்த ரகசியம் அவனோடு மண்ணுக்குப் போய்விடும். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததுதான் பயமாக இருந்தது.

கடையில் நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடினான். உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியை ஒட்டிய குறுகலான முடுக்கில் அவளைப் பிடித்துவிட்டான்.

"அக்கா, இருந்துச்சு" என்றான்.

"என்னது?"

"உத்தரியம். நான்தான் அத்துப் போட்டேன். எங்க அய்யா இல்லன்னு தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவன் சொன்னது அவளுக்குள் இறங்க நேரமாயிற்று. பிறகு கிட்டங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"எரிச்சிட்டியளா?" என்றாள்.

ஆமென்று தலையை அசைத்தான். அவர்கள் வேதத்தில் எரிக்கக் கூடாது. கோயில் கல்லறையில் வைத்து, குருசு நட்டு, கடைசி நாளில் எழுந்து வருவார்கள் என்று நம்பிப் புதைக்க வேண்டும். இது தெரியாதவன் தூத்துக்குடியில் இருக்க முடியாது. கொள்ளி வைத்த அன்றைக்கும் அவனுக்கு இது தெரியும்.

"உத்தரியத்த என்ன செஞ்ச?"

"மணல்ல புதைச்சேன்."

"அதையாவது புதைச்சியே" என்றாள் அல்போன்சா.

அவள் திட்டவில்லை, சாபம் விடவில்லை. அடித்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிள்ளை அழுதது. அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே எழுந்தாள்.

"நாலு மணிக்கு மாதா கோயிலுக்கு வந்து சாமியார்கிட்டச் சொல்லணும். எங்க அவியளுக்குப் பூசை வைக்கணும். நான் சொன்னா, பைத்தியக்காரின்னுவாவ. நீ சொல்லணும். எல்லார் முன்னாலயும் சொல்லணும்."

"வாரேன்" என்றான்.

வீட்டில் அம்மா ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெறுங்கழுத்தோடு அவளைப் பார்த்துப் பழகியிருந்தான். அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பது போல இருந்தது. நாலு மணிக்கு மேல் ஊர்வாயிலிருந்து அவள் கேட்கக் கூடாது. எதிரே உட்கார்ந்து ஒன்றையும் விடாமல் சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தவன், பாதியில் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

அவள் கை முறத்தில் அப்படியே நின்றது.

"அப்போ அவிய வருவாவளா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே மறுபடியும் பேசினாள். கை தன்னால் கழுத்துக்குப் போயிருந்தது.

"வந்தாவன்னா நான் எப்படிலே இந்தக் கழுத்தோட முன்னால நிப்பேன்?"

வருவாவ என்று சொல்லலாம். மறுபடியும் துறைக்குப் போவாள். அந்த உடம்பு அய்யாதான், நான் குழம்பிவிட்டேன் என்றும் சொல்லலாம். அதையும் நம்புவாள், நம்பத்தான் ஆசைப்படுவாள். இரண்டும் அவன் நாக்கு நுனிவரை வந்தன.

"வரமாட்டாவ அம்மா."

"நீ பாத்தியா?"

"பாக்கல."

"பின்ன எப்படிச் சொல்லுத?"

"தோணி ஒடஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஒருத்தரும் வரல. அய்யா செத்துப் போயிட்டாவ. உடம்பு கெடைக்கல, கெடைக்கவும் செய்யாது. நான்தான் சொல்லுதேன்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா."

"பயமா இருந்துச்சு."

அம்மா அழவில்லை. அன்றைக்கு அழுத அழுகையை இன்னொருத்தி புருஷனுக்கு அழுதுவிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ. முறத்தைத் தள்ளி வைத்தாள். சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டாள்.

"நீ போ. அந்தப் பிள்ளைக்காரி அங்கன காத்துக் கெடப்பா. சாமியார்கிட்டச் சொல்லிட்டு வா" என்றாள். அவன் எழுந்தபோது, முகத்தைப் பார்க்காமலேயே பேசினாள். "ஆனா இனிமே எங்கிட்ட எதையும் வந்து சொல்லாத. நீ சொல்லுதத நான் எப்படிலே நம்ப?"

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அதைக் கேட்கிற உரிமை போய்விட்டது என்று அவனுக்குப் புரிந்தது. மூன்றரை மணி ஆகியிருந்தது. முகத்தைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலைப் பார்த்து நடந்தான். வழியில் இரண்டு பேர் அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள், அவன் திரும்பவில்லை.